கேட்காதவரிடம் சொன்ன பொய்

தங்கை மகன் தரமணியில் வாடகை அறையில் இருந்தபோது, இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைப்பேசியில் போக்கர் ஆடுவான். 1 ரூபாய், 2 ரூபாய் மேசை. 200 ரூபாய் இருந்தால் உட்கார்ந்துவிடலாம். ஒருநாள் பக்கத்தில் இருந்து பார்த்தேன். அவன் கையில் ஆர்ட்டின் ஏஸ், ஆர்ட்டின் ஜாக். நான்கு பேர் தலைக்கு 8 ரூபாய் போட்டிருந்தார்கள். நடுவில் ஸ்பேடு கிங்கும், ஆர்ட்டினில் ஒன்பதும் நான்கும் விழுந்தன. ஐந்தும் ஒரே இனமாக இன்னும் ஒரு ஆர்ட்டின் வந்தால் போதும். வரவில்லை. முதலில் 16, பிறகு 40 என்று ஏற்றிக்கொண்டே போனவன், கடைசிச் சீட்டும் கைவிட்டதும் மிச்சமிருந்த 136 ரூபாயையும் தள்ளினான். “சீட்ட மடக்கிடுவான் பாருங்க மாமா. என்கிட்ட கிங் இருக்குன்னு நினைப்பான்.”

எதிரில் மிஞ்சியிருந்த ஒருவர் ஒரு நொடியில் அதே தொகையைக் கட்டி ‘கால்’ செய்தார். அவர் கையில் ஒன்பதும் ஆறும். ஒன்பதில் வெறும் ஒரு ஜோடி. அதுவே போதுமானதாக இருந்தது.

பையன் சொன்ன பொய்யில் ஓட்டை கிடையாது. மூன்று சுற்றும் கிங் வைத்திருப்பவனைப் போலவே கட்டினான். 2003இல் லாஸ் வேகாஸ் போக்கர் உலகப் போட்டியின் கடைசிக் கட்டத்தில் கிறிஸ் மணிமேக்கரும் இப்படித்தான், வராத சீட்டுக்குக் காத்திருந்து ஏமாந்து, கையிருப்பு முழுவதையும் தள்ளினார். எதிரே சாமி ஃபர்ஹா. அவரிடமும் ஒன்பதில் ஒரு ஜோடிதான். நெடுநேரம் யோசித்து மடக்கிவிட்டார். மணிமேக்கர் 25 லட்சம் டாலரோடு வீடு திரும்பினார். ஃபர்ஹா மடக்கியதற்குக் காரணம், எதிராளி கட்டிய ஒவ்வொரு தொகையையும் ஒரு வாக்கியம் போலப் படித்துக்கொண்டே வந்ததுதான். 2 ரூபாய் மேசைக்காரர் தன் கையில் ஜோடி இருக்கிறதா என்று மட்டும் பார்த்தார். இருந்தது; கட்டினார்.

கணக்கைப் பாருங்கள். 16க்கு இருவரும் 40க்கு ஒருவரும் ஈடுகட்டியதில் நடுவில் சேர்ந்திருந்த 160 ரூபாயைப் பிடிக்க 136 ரூபாய் போட்டால், நூற்றுக்கு 46 முறையாவது எதிராளி மடக்கினால்தான் கைநட்டம் இல்லை. வேடிக்கை பார்க்கவே காசு கட்டி உட்கார்ந்திருப்பவர் அத்தனை முறை மடக்குவாரா? முதல் சுற்றில் 32 ரூபாய்க்கு 16 போடுவது எளிதாகத் தெரியும். மூன்றில் ஒரு முறை பலித்தால் போதும். ஆனால் எதிரே மூன்று பேர். ஒவ்வொருவரும் நூற்றுக்கு 60 முறை மடக்குவார்கள் என்று தாராளமாக வைத்தாலும், மூவரும் ஒருசேர மடக்குவது நூற்றுக்கு 22 முறைகூட இல்லை. சின்ன மேசையில் நான்கைந்து பேர் சீட்டுப் பார்க்க வருவது சர்வசாதாரணம்.

1944இல் பொருளியலாளர் மார்கென்ஸ்டெர்னோடு சேர்ந்து எழுதிய நூலில் கணிதவியலாளர் ஜான் ஃபான் நாய்மன், பிளஃப் எனப்படும் இந்தப் பொய்க்கு இரண்டு பயன்கள் சொன்னார். மோசமான சீட்டை வைத்துக்கொண்டு வலுவானவனாகத் தோன்றுவது ஒன்று. மற்றது, அவ்வப்போது பிடிபடுவதால், நிஜமாகவே நல்ல சீட்டு வரும்போதும் எதிராளி சந்தேகப்பட்டுக் காசு கட்டுவது. என்னை மிகவும் யோசிக்க வைத்தது இந்த இரண்டாவதுதான். எதற்கெடுத்தாலும் கட்டுகிறவரிடம் சந்தேகத்தை விதைக்க என்ன தேவை இருக்கிறது? உங்களிடம் நல்ல சீட்டு இருந்தாலும் அவர் கட்டத்தான் போகிறார். சின்ன மேசையில் பிளஃபின் இரண்டு பயன்களும் உதிர்ந்துவிடுகின்றன. மிஞ்சுவது பொறுமை: நல்ல சீட்டுக்குக் காத்திரு, வந்தால் கட்டு. அதுவும் திறமைதான், மறுக்கவில்லை. ஆனால் நடத்துகிறவர் ஒவ்வொரு ஆட்டத்திலும் தன் பங்கான ரேக்கை எடுத்துவிடுகிறார். அன்று நடுவில் சேர்ந்தது 432 ரூபாய். நூற்றுக்கு 5 என்றால் 21 ரூபாய் 60 காசு. ஆறு பேர் விடிய விடிய ஆடினால், பொறுமைசாலியின் லாபத்தையும் ரேக் அரித்துத் தின்றுவிடும்.

நம் சட்ட விவாதம் இந்த மேசையை எட்டிப் பார்க்கவே இல்லை என்பதுதான் என் ஆதங்கம். இணையத்தில் பணம் வைத்து ஆடுவதைத் தடை செய்த தமிழக அரசின் 2021 சட்டத் திருத்தத்தைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2022 சட்டம் ரம்மியையும் போக்கரையும் அதிர்ஷ்ட விளையாட்டுகள் என்று பட்டியலிட்டது. 2023 நவம்பரில் நீதிமன்றம் அந்தப் பட்டியலை ஏற்கவில்லை. திறமையா, அதிர்ஷ்டமா என்றே இரு தரப்பும் மல்லுக்கட்டின. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் அந்தக் கேள்வியையே விட்டுவிட்டு, திறமையோ அதிர்ஷ்டமோ, இணையத்தில் பணம் கட்டி ஆடும் விளையாட்டுகள் எல்லாவற்றையும் தடை செய்தது. தடையை நான் ஆதரிக்கிறேன். ஆனால் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போய்விட்டது: யாருடைய மேசையில் திறமை? ஃபர்ஹாவின் மேசையில் செல்லுபடியாகும் திறமையைக் காட்டித்தானே செயலி நடத்தியவர்கள் 200 ரூபாய்க்காரர்களை உட்காரவைத்தார்கள்?

இப்போது வெளிநாட்டுச் செயலிகளைப் பற்றி நண்பர்கள் பேசிக்கொள்வதாகத் தங்கை மகன் சொல்கிறான். போன வாரம் வந்திருந்தபோது அந்த 136 ரூபாய்க் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டினேன். பென்சிலை வாங்கி, மூன்று பேருக்கான கணக்கை அவனே பெருக்கிப் பார்த்தான். நான்கு பேர், ஐந்து பேர் என்று தொடர்ந்தான். ஐந்து பேர் என்றபோது நூற்றுக்கு எட்டுகூட வரவில்லை.

“இத அப்பவே யாராவது சொல்லியிருக்கலாம் மாமா” என்றான்.