நூறு கஜத்துக்குள் இருக்கிறது கோல்ஃப்

கோல்ஃப் பழகும் இடத்தில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். முக்கால்வாசிப் பேர் கையில் டிரைவர்தான். பந்து 250 கஜம் பறந்தால் பக்கத்தில் நிற்பவர் "சூப்பர்" என்பார். அதே ஆள் 70 கஜத்தில் வெட்ஜை எடுத்தால் ஒன்று மண்ணைத் தோண்டுவார், இல்லாவிட்டால் பந்து கிரீனைத் தாண்டிப் போய்விடும்!

பழகும் நேரத்தில் பாதியாவது இந்தக் குட்டி அடிகளுக்குப் போக வேண்டும் என்பது என் கட்சி.

2007 மாஸ்டர்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். ஜாக் ஜான்சன் நெடுந்தூரம் அடிப்பவர் அல்ல. அகஸ்டாவில் நான்கு நாளும் சேர்த்து 16 தடவை பார்-5 ஆடினார். ஒரு தடவைகூட இரண்டாவது அடியில் கிரீனுக்குக் குறி வைக்கவில்லை. தனக்குத் தோதான தூரத்தில் பந்தை நிறுத்தி, அங்கிருந்து வெட்ஜால் ஆடினார். அவற்றில் மட்டும் பாரைவிட 11 அடி குறைவு! டைகர் வுட்ஸை 2 அடியில் முந்தி ஜெயித்தார்.

இந்த நிதானம் எப்படி வரும்?

முதலில், பந்தைத் தூக்கிவிடப் பார்க்காதீர்கள். தூக்குவது வெட்ஜின் சாய்ந்த முகத்தின் வேலை. எடை முன்காலில் இருக்கட்டும். பந்து முதலில், புல் அப்புறம்.

அடுத்து, தூரத்தைக் குறைக்க வேகத்தைக் குறைக்காதீர்கள். கை பின்னால் போகும் அளவைக் குறையுங்கள். டேவ் பெல்ஸ் இதைக் கடிகார முள்ளை வைத்துச் சொல்லிக்கொடுத்தார்: ஏழரை, ஒன்பது, பத்தரை. மூன்று அளவு, மூன்று வெட்ஜ். ஒன்பது தூரம் கைவசம்.

கைதட்டல் டிரைவருக்குத்தான் கிடைக்கும். ஆனால் ஸ்கோர் கார்டில் 250 கஜமும் ஒரு அடிதான், 50 கஜமும் ஒரு அடிதான்.