தொண்டையடைப்பானா, டிப்தீரியாவா?

'டிப்தீரியா' என்பதன் மூலம், பதனிட்ட தோலைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தொண்டையில் தோல்போற் சவ்வு படர்ந்து மூச்சையடைக்கும் அந்நோய்க்குத் தமிழர் இட்ட பெயர் தொண்டையடைப்பான். கக்கச்செய்வது கக்குவான், அடைப்பது அடைப்பான். மேலையர் தோற்றத்தைக் குறித்தனர். தமிழரோ உயிர்பறிக்கும் செயலையே குறித்தனர்.

கூடுவாஞ்சேரித் தாயொருத்தியிடம் 'டிப்தீரியா' எனின் திகைப்பாள். 'தொண்டையடைப்பான்' எனின் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடுவாள். 6, 10, 14-ஆம் கிழமைகளில் இடும் தடுப்பூசியை அவள் தவறவிடாமைக்கு வேண்டுவது விளங்கும் சொல்லன்றோ?

தமிழில் மருத்துவம் இயலாதென்பார் அறிக! 1860-களிலேயே யாழ்ப்பாணத்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிற் கற்பித்தார் அமெரிக்க மருத்துவர் கிறீன். அயலார்க்கு இயன்றது தமிழர்க்கு இயலாதா?

நோய் அடைப்பது ஒரு குழவியின் தொண்டையை. அயற்சொல் அடைப்பதோ ஓரினத்தின் தொண்டையை. மருந்துச்சீட்டிலும் ஊசியட்டையிலும் தமிழ்ப்பெயரே முன்னிற்க!