எழுத்துத் தெரியாத பிள்ளைக்கு ஒரு புத்தகம்

"எழுத்தே தெரியாத பச்சைப் பிள்ளைக்குப் புத்தகம் எதற்கு? தின்னவா, கிழிக்கவா?"

எமது வீடுகளில் மூத்தவர்கள் கேட்கும் கேள்வி இது. அதில் நியாயமும் இருக்கிறது. ஆறு மாதப் பிள்ளையின் கையில் எதைக் கொடுத்தாலும் முதலில் வாய்க்குப் போகும், பிறகு தரைக்குப் போகும். இருந்தாலும் சகோதரிகளே, இரவில் பிள்ளையை உறங்கவைக்க முன்னர் ஐந்து நிமிடம் ஒரு படப்புத்தகத்தை அதன் முன்னே விரித்து வைப்பதைப் பற்றித்தான் இம்மாதம் கதைக்கப் போகிறோம்.

இது படிப்பித்தல் அல்ல. 'அ', 'ஆ' சொல்லிக் கொடுக்கவோ, பாலர் பாடசாலைக்கு முன்கூட்டியே தயார்படுத்தவோ அல்ல. அந்த எண்ணத்தோடு புத்தகத்தை எடுக்கும் தாய் ஒரு கிழமையில் சலித்து அதை அலுமாரியில் வைத்துவிடுவாள். பிள்ளை பேசத் தொடங்குவதற்கு வெகு முன்பே பேச்சின் ஒழுங்கைப் பழகுகிறது. ஒருவர் சொல்வார், பிறகு நிறுத்துவார், மற்றவர் பதில் தருவார். "இந்தா பாருங்க, கோழி" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். உடனே அடுத்த பக்கத்தைப் புரட்ட வேண்டாம். பிள்ளை உங்கள் வாயைப் பார்க்கும், படத்தைப் பார்க்கும், காலை உதைக்கும், "ஆ" என்று ஏதோ ஒரு சத்தம் போடும். அதுதான் பதில். "ஓம், கோழிதான், கொக்கரக்கோ என்று கூவும் கோழி" என்று நீங்கள் அதற்கு மறுமொழி சொன்னால் அங்கே ஒரு உரையாடல் நடந்துவிட்டது. பகலில் சமையலும் உடுப்புக் கழுவலுமாக ஓடும் வீட்டில், பிள்ளையின் சத்தத்துக்குக் காத்திருந்து பதில் சொல்ல நேரம் கிடைப்பது அரிது. படுக்கை நேரத்துப் புத்தகம் அந்த நேரத்தை உண்டாக்கித் தருகிறது.

பிறந்த பிள்ளைக்குத் தூரத்துப் பொருட்கள் மங்கலாகவே தெரியும். 20 முதல் 30 சென்ரிமீற்றர் வரையில், அதாவது ஏறக்குறைய ஒரு சாண் தூரத்தில் உள்ளதுதான் தெளிவு. மடியில் கிடக்கும் பிள்ளைக்கும் தாயின் முகத்துக்கும் இடையிலுள்ள தூரமும் ஏறத்தாழ அதுவே. ஆகவே முதல் மாதங்களில் கறுப்பு வெள்ளைப் பெரிய கோலங்களும் முகங்களும் போதும். மூன்று நான்கு மாதமாகும்போது நிறங்களை நன்றாகப் பார்க்கும். ஆறு மாதத்தில் பறித்து வாயில் வைக்கும். பறிக்கட்டும், அதுவும் அதன் வாசிப்புத்தான். ஒன்பது பத்து மாதத்தில் படத்தின் மேல் கையால் தட்டும். ஒரு வயதளவில் "நிலா எங்க?" என்று கேட்டால் விரல் நீட்டும் பிள்ளைகள் பலர். ஒன்றரை வயதில் தடித்த அட்டைப் பக்கத்தைத் தானே புரட்டும், இரண்டு மூன்று பக்கம் ஒன்றாகத்தான் போகும்!

கடைகளில் கிடைக்கும் குழந்தைப் புத்தகங்களில் பெரும்பாலானவை ஆங்கிலத்தில் இருக்கின்றன. எனக்கு ஆங்கிலம் சரிவராதே என்று பின்வாங்க வேண்டியதில்லை. படத்துக்கு மொழி இல்லை. வண்ணாத்திப்பூச்சியின் கீழே எந்த எழுத்து இருந்தாலும் நீங்கள் வண்ணாத்திப்பூச்சி என்றே சொல்லுங்கள். உங்கள் உம்மா உங்களுக்குச் சொன்ன அதே வீட்டுத் தமிழில், அதே இழுவையோடு சொல்லுங்கள். தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் ஒரு சொல் சொல்லி மௌனமாகும் தாயை விட, தன் மொழியில் பத்து வசனம் கதைக்கும் தாயிடம்தான் பிள்ளைக்கு லாபம் அதிகம். சிங்களப் புத்தகமும் அப்படித்தான். சிபில் வெத்தசிங்க 1956இல் எழுதிப் படம் வரைந்த 'குட ஹொரா' என்ற குடைத் திருடன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். பட்டணத்தில் வாங்கிவரும் குடைகள் ஒவ்வொன்றாகக் காணாமற்போக, கடைசியில் திருடன் ஒரு குரங்கு என்று தெரியவரும். இரண்டு மூன்று வயதுப் பிள்ளைக்கு அந்தப் படங்களை வைத்தே முழுக் கதையையும் தமிழில் சொல்லிவிடலாம்.

வாங்க வசதியில்லை என்றால் வீட்டிலேயே செய்யலாம். பிஸ்கட் பெட்டி அட்டையை ஒரே அளவாக ஆறு துண்டு வெட்டி, பழைய கலண்டர்ப் படங்களை மாப்பசையால் ஒட்டி, ஓரத்தில் துளையிட்டுத் தடித்த நூலால் இறுகக் கட்டுங்கள். மூலைகளை வட்டமாக வெட்ட மறக்க வேண்டாம், கண்ணில் குத்தும். ஸ்டேப்ளர் கம்பி கூடவே கூடாது, கழன்றால் நேரே வாய்க்குப் போகும். பழைய சாரன் துணியில் வேறு நிறத் துணிகளை மீனாகவும் படகாகவும் வெட்டித் தைத்தால், அது கிழியாத, கழுவக்கூடிய புத்தகம். பொத்தான், மணி எதுவும் வைத்துத் தைக்காதீர்கள். உயிருள்ளவற்றின் படம் வீட்டில் வேண்டாம் என்று பேணும் குடும்பங்களும் உண்டு. கோப்பை, கரண்டி, மாம்பழம், படகு, நிலா, மழை என்று அவர்களுக்கும் பக்கங்கள் நிறைய இருக்கின்றன.

எப்போது காட்டுவது? நித்திரைத் தூக்கத்தில் சிணுங்கத் தொடங்கிய பிறகு அல்ல. அப்போது புத்தகம் எதிரியாகிவிடும். மஃரிபுக்குப் பிறகு வீட்டு அமளி ஓய்ந்து, பிள்ளையை உடம்பு துடைத்து, பால் கொடுத்து, முளைத்த பல்லிருந்தால் அதையும் சுத்தம் செய்துவிட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் குறைத்து மடியில் வைத்துக்கொள்ளுங்கள். புத்தகம் முடிந்ததும் ஓதி ஊதி ஏணையிலோ பாயிலோ கிடத்தலாம். ஆறு மாதப் பிள்ளைக்கு மூன்று நிமிடமே பெரிது. முகத்தைத் திருப்பினால் மூடிவிடுங்கள், நாளைக்கு இருக்கிறது. நாளைக்கும் அதே புத்தகம்தான். உங்களுக்கு அலுக்கும், பிள்ளைக்கு அலுக்காது. அடுத்த பக்கத்தில் என்ன வரும் என்று தெரிந்திருப்பதே அதற்குப் பெரிய சந்தோசம்.

"போனைக் கொடுத்தால் சத்தமில்லாமல் தூங்குதே" என்று சொல்லும் தாய்மாரும் இருக்கிறார்கள். களைத்த தாயைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆனால் போன் பிள்ளையின் பதிலுக்காகக் காத்திராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டலில் ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குத் திரை அறவே வேண்டாம் என்று சொன்னது. பிள்ளை அமர்ந்திருக்கும் நேரத்தில் பராமரிப்பவர் வாசித்துக் காட்டுவதையும் கதை சொல்வதையும் அதே வழிகாட்டல் ஊக்குவிக்கிறது.

நியூசிலாந்தில் 1971இல் குஷ்லா என்றொரு பெண்பிள்ளை பிறந்தாள். பிறவியிலேயே பல குறைபாடுகள். விரல் நுனிக்கு அப்பால் தெளிவாகப் பார்க்க முடியாது, கைகள் சொற்கேளா, இரவும் பகலும் உறக்கமில்லை. நீண்ட இரவுகளை எப்படிக் கழிப்பது என்று தெரியாத தாய், நான்காவது மாதத்தில் பிள்ளையை அணைத்துப் பிடித்துக்கொண்டு புத்தகங்களை அதன் கண்ணுக்கு மிக அருகில் வைத்துக் காட்டத் தொடங்கினாள். அறிவு வளர்ச்சியும் குன்றிய பிள்ளை என்று மருத்துவர்கள் கருதிய குஷ்லா, சொல்வளம் மிக்கவளாக வளர்ந்தாள். பின்னர் செய்த சோதனைகளில் அவளது அறிவாற்றல் சராசரிக்கு மேல் இருந்தது. புத்தகக் கடை நடத்திய அவளது பாட்டி டொரதி பட்லர், அந்த வருடங்களைப் பதிவுசெய்து 1979இல் நூலாக வெளியிட்டார். புத்தகங்கள் அவளது உடற்குறைகளைக் குணமாக்கவில்லை. ஆனால் அந்தப் பிள்ளையோடு ஒருவர் ஓயாமல் கதைத்துக்கொண்டே இருந்தார்.

இன்னொரு பயனும் உண்டு. தினமும் ஒரே நேரத்தில், ஒரே மடியில் பிள்ளையை வைத்துப் பார்க்கும் தாய்க்கு மாற்றங்கள் உடனே தெரியும். ஒன்பது பத்து மாதமாகியும் பின்னாலிருந்து கூப்பிடும் குரலுக்குத் திரும்பவில்லையா? ஒன்றரை வயதாகியும் எதையும் விரல் நீட்டிக் காட்டவில்லையா? "வாப்பாவும் பிந்தித்தான் பேசினார்" என்ற சமாதானத்தோடு இருந்துவிடாமல், அடுத்த கிளினிக்கில் குடும்ப நல உத்தியோகத்தரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். கேட்டல் குறைபாட்டுக்கு ஒவ்வொரு மாதமும் பெறுமதியானது.

தாய் வெளிநாட்டில் வேலைக்குப் போய், பிள்ளை உம்மம்மாவின் கையில் வளரும் வீடுகள் எம்மிடையே எத்தனை! "எனக்கு வாசிக்கத் தெரியாதே மகள்" என்று சொல்லும் உம்மம்மாமாருக்கு: குழந்தைப் புத்தகத்துக்கு எழுத்தறிவு தேவையில்லை. பூனையைக் கண்டால் உங்கள் வீட்டுப் பூனையின் கதையைச் சொல்லுங்கள். தோணியைக் கண்டால் கடலுக்குப் போனவர்களின் கதையைச் சொல்லுங்கள். தாயும் அங்கிருந்து தன் குரலைப் பதிந்து அனுப்பலாம். "இதுதான் மாம்பழம், இதுதான் நிலா" என்று பக்கம் பக்கமாக அவள் சொல்ல, நீங்கள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுப் பக்கங்களைப் புரட்டுங்கள். இங்கே இரவு எட்டு மணி என்றால் ரியாத்திலும் தோஹாவிலும் மாலை ஐந்தரை, அவளுக்கு வேலை முடிந்திருக்காது. பிறகு அவள் அழைக்கும்போது, பிள்ளை இன்று எந்தப் படத்தில் கை வைத்தது என்பதை மறக்காமல் சொல்லுங்கள்.