சார்ட்டைப் பிடிப்பது யார், பேசுவது யார்?

பள்ளிகளில் 'உலக நாடுகள்' செயல்திட்டம் தொடங்கிவிட்டதை நோட்டுப் புத்தகக் கடையைப் பார்த்தே சொல்லிவிடலாம். சார்ட் பேப்பர், ஸ்கெட்ச் பேனா, தெர்மாகோல், கொடிகள் அச்சடித்த படத்தாள் என்று கடை நிறைந்திருக்கும். ஆறாம் வகுப்பில் ஆசியாவும் ஐரோப்பாவும், ஏழாம் வகுப்பில் இரண்டு அமெரிக்காக்களும், எட்டாம் வகுப்பில் ஆப்பிரிக்காவும் வருகின்றன. குழுவாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதி கொடுத்து, வகுப்பின் முன்னால் நின்று பேசச் சொல்கிறார்கள். நல்ல பயிற்சிதான். எங்கள் குடியிருப்பின் மாலைநேரப் படிப்பகத்தில் ஆண்டுதோறும் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து இந்தச் சார்ட்டுகளை எழுதுகிறோம். அதனால்தான் இதைப் பேச வேண்டியிருக்கிறது.

பகுதிகளைப் பிரிப்பதிலேயே தொடங்குகிறது சிக்கல். பிரான்சும் சுவிட்சர்லாந்தும் யாருக்குப் போகின்றன? ஆப்பிரிக்கா யாருக்கு வருகிறது? எல்லாப் பள்ளியிலும் இப்படித்தான் என்று நாங்கள் சொல்லவில்லை. ஆனால் எங்களிடம் வரும் கருத்த பிள்ளைகளில் சிலருக்கு 'ஆப்பிரிக்கா' என்பது ஏற்கெனவே பட்டப்பெயர். அந்தப் பெயரைச் சுமக்கிற பிள்ளையின் கையிலேயே அந்தக் கண்டத்தைக் கொடுத்தால், அது வாயைத் திறப்பதற்கு முன்பே வகுப்பு சிரித்துவிடுகிறது.

பேசும் நாளில் நடப்பது இன்னொன்று. காசுள்ள வீட்டுப் பிள்ளை தெர்மாகோலில் ஈபிள் கோபுரம் செய்து வருகிறது, பெரும்பாலும் அப்பாவோ கடைக்காரரோ செய்தது. நம் பிள்ளைக்குக் கையெழுத்து நன்றாக இருப்பதால் சார்ட் முழுக்க எழுதும் வேலை கிடைக்கிறது. பேசுவதற்கு மட்டும் வேறொருவர். நம் பிள்ளை சார்ட்டின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, முகம் பாதி மறைய நிற்கிறது. மதிப்பெண் பேசியவருக்கு. உழைப்பை ஒருவரிடமும் மேடையை இன்னொருவரிடமும் கொடுக்கும் இந்த ஏற்பாட்டை நாம் ஊர்த் திருவிழாவிலும் பார்த்திருக்கிறோம், கட்சி மாநாட்டிலும் பார்த்திருக்கிறோம்.

சரி, அந்தச் சார்ட்டில் என்னதான் இருக்கிறது? தலைநகர், நாணயம், கொடி, தேசிய விலங்கு, பிரபலமான உணவு. நெட் சென்டரில் எல்லாருக்கும் ஒரே பிரிண்ட் அவுட். ஜப்பான் என்றால் ஃபுஜி மலை, புல்லட் ரயில், சுஷி. அங்கே மனிதர்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குள்ளும் மேல் கீழ் இருக்கிறது என்பது சார்ட்டில் எங்கும் வராது.

சென்ற ஆண்டு ஜப்பானோடு வந்த ஆறாம் வகுப்பு மாணவியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டோம். அங்கே செத்த மாட்டின் தோலை உரித்தது யார்? சேர்ந்து தேடினோம். புராக்குமின் மக்கள் வந்தார்கள். மாடு அறுத்ததாலும், தோல் பதனிட்டதாலும், சாவு சார்ந்த வேலைகளைச் செய்ததாலும் தீட்டு என்று ஒதுக்கித் தனிக் குடியிருப்புகளில் வைக்கப்பட்டவர்கள். ஒதுக்கியவர்களும் இவர்களும் ஒரே நிறம், ஒரே மொழி. 1871இல் அரசு ஆணை போட்டு இவர்களையும் சாதாரணக் குடிமக்களாக அறிவித்தது. ஆணையால் தீட்டு போய்விடவில்லை. 1922 மார்ச்சில் கியோட்டோவில் கூடி, சுய்ஹெய்ஷா என்ற சொந்த அமைப்பைக் கட்டினார்கள். மகாத் குளத்தில் அண்ணல் அம்பேத்கர் தண்ணீர் எடுத்துக் குடித்தது 1927இல். அதற்கு ஐந்தாண்டுகள் முன்பே அங்கே இது நடந்திருக்கிறது.

1975இல் வெளியே வந்த சேதிதான் அந்த மாணவியை உலுக்கியது. புராக்குமின் குடியிருப்புகளின் பெயர்களைத் தொகுத்துப் புத்தகமாக்கி, நிறுவனங்களுக்கு ரகசியமாக விற்றிருக்கிறார்கள். வேலை கேட்டு வருபவரின் முகவரியை வைத்தே அவர் யார் என்று கண்டுபிடிப்பதற்காக. "நம்மள எந்தத் தெருன்னு கேப்பாங்களே, அது மாதிரியாக்கா?" என்று கேட்டாள். ஆமாம், அது மாதிரிதான்.

பி.டி.எஸ். பைத்தியத்தில் கொரியாவைக் கேட்டு வாங்கி வந்த பிள்ளைகளும் உண்டு. தாராளமாகப் பாடட்டும், ஆடட்டும். கூடவே, அங்கே பெக்ஜோங் என்ற இறைச்சி வெட்டும் மக்கள் இருந்ததையும், 1923இல் ஜின்ஜு நகரில் அவர்கள் சமத்துவத்துக்காக ஹியோங்பியோங்சா என்ற அமைப்பைத் தொடங்கியதையும் இரண்டு வரி எழுதட்டும். அந்தப் பெயருக்குள் தராசு இருக்கிறது.

அமெரிக்காவுக்கு நாம் தேடி அலையவே வேண்டாம். அடிமை முறையை ஒழிக்கப் பாடுபட்ட அமெரிக்க மக்களுக்குத் தன் 'குலாம்கிரி' நூலை 1873இல் காணிக்கையாக்கினார் ஜோதிராவ் ஃபுலே. 1946இல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதினார், பதிலும் வந்தது. 1966இல் அங்கே கருஞ்சிறுத்தைகள், 1972இல் பம்பாயில் தலித் சிறுத்தைகள். சுதந்திர தேவி சிலையின் உயரத்தை எழுதும் சார்ட்டில் இதற்கு இடமில்லையா?

ஆப்பிரிக்காவுக்குச் சிங்கமும் பஞ்சமும் போதும் என்று யார் முடிவு செய்தது? சுவரில் தொங்கும் வரைபடமே முதல் பாடம். மெர்காட்டர் 1569இல் போட்ட முறையில் வரைந்த படங்களில் கிரீன்லாந்து ஆப்பிரிக்காவுக்கு நிகராகத் தெரியும். உண்மையில் ஆப்பிரிக்கா அதைப்போல் ஏறக்குறைய 14 மடங்கு பெரியது. வகுப்பில் ஒரு பூகோள உருண்டை இருந்தால் பிள்ளைகளே அளந்து பார்த்துவிடுவார்கள். 1896இல் அத்வாவில் இத்தாலியப் படையை எத்தியோப்பியா தோற்கடித்ததையும் எழுதலாம். அதற்காகப் புகழ்ந்து தள்ளவும் வேண்டாம். மொரிட்டானியா அடிமை முறையைச் சட்டப்படி ஒழித்தது 1981இல்தான். அதுவும் சார்ட்டில் இருக்கட்டும்.

'சின்னப் பிள்ளைகளிடம் எதற்குச் சாதிப் பேச்சு?' என்று கேட்கும் ஆசிரியர்களுக்கு எங்களிடம் நீண்ட பதில் இல்லை. வகுப்பில் யாரை 'ஆப்பிரிக்கா' என்று கூப்பிடுகிறார்கள் என்பதை ஒரு வாரம் கவனித்துப் பாருங்கள்.

நம் பெற்றோர் கேட்பதுதான் கனமான கேள்வி. "ஊர்ப் பிள்ளைங்க முன்னாடி எம்புள்ள ஏன் இதப் பேசணும்? நாளைக்கு அவன வழியில நிறுத்துனா யாரு பாக்குறது?" 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் உடன் படித்த மாணவர்களே வீடு புகுந்து தலித் மாணவனையும் அவன் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதன் பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. இவ்வளவும் பார்த்த தாயின் பயத்தை வெறும் தயக்கம் என்று ஒதுக்க முடியாது. அதனால் எந்தப் பிள்ளையையும் நாங்கள் இதற்குத் தள்ளுவதில்லை. அந்த மாணவி புராக்குமினைப் பற்றிச் சார்ட்டில் எழுதினாள், வகுப்பில் வாசிக்கவில்லை. அது அவள் முடிவு.

ஒடுக்கப்பட்ட பிள்ளை மட்டும் தனியாகத் தூக்க வேண்டிய கேள்வி இல்லை இது. எல்லாக் குழுவுக்கும் கொடுக்கும் தலைப்புப் பட்டியலிலேயே, நாணயத்துக்கும் கொடிக்கும் கீழே, ஆசிரியர் ஒரு வரி சேர்க்க வேண்டும்: 'இந்த நாட்டில் யார் ஒதுக்கப்பட்டார்கள், அவர்கள் என்ன செய்தார்கள்?' அப்போது சுவிட்சர்லாந்து கிடைத்த பிள்ளையும் தேடித்தான் ஆக வேண்டும். பெண்களுக்கு நாடாளுமன்றத் தேர்தலில் வாக்குரிமை கிடைக்க அங்கே 1971 வரை ஆனது என்று கண்டுபிடிக்கட்டும்.

பகுதிகளைச் சீட்டுக் குலுக்கிப் போடுங்கள். குழுவில் ஒவ்வொரு பிள்ளையும் இரண்டு நிமிடமாவது பேசினால்தான் மதிப்பெண் என்று முன்கூட்டியே அறிவியுங்கள். சார்ட்டைப் பிடிக்க ஆள் எதற்கு? சுவரில் ஓர் ஆணி அடித்தால் போதும்.