ஜீப்பின் பாகப்பிரிவினை

நான்கு சக்கரமும் இழுக்காத வண்டியைத் தார் என்று அழைக்கலாமா? 2023 ஜனவரியில் பின்சக்கரங்கள் மட்டும் இழுக்கும் தாரை மஹிந்திரா விற்பனைக்குக் கொண்டுவந்தபோது ஜீப் பிரியர்களுக்குள் மூண்ட சண்டை இது. பெயர் ராஜஸ்தான் பாலைவனத்தினுடையது. தமிழில் எழுதிப் படித்தால் நமக்கு முதலில் வாழைத்தாரும் அடுத்தபடியாகத் தார் ரோடும்தான் நினைவுக்கு வரும். காடுமேடு ஏறாமல் தார் ரோட்டிலேயே ஓடும் தாரைக் கிண்டல் செய்ய நம் மொழியைவிட வசதியான மொழி கிடையாது.

கிண்டல் இருக்கட்டும். சண்டை 2023இல் தொடங்கியதும் அல்ல. 2020 ஆகஸ்ட் 15 அன்று புதிய தார் வெளியானபோதே இரண்டு கட்சிகள் உருவாகிவிட்டன. "ஜீப் வேஷம் கட்டிய கார்" என்றது ஒன்று. "பழைய ஜீப் செய்ததையெல்லாம் இது இன்னும் நன்றாகச் செய்கிறது, வேறென்ன வேண்டும்?" என்றது மற்றொன்று. 2024இல் ஐந்து கதவுகளுடன் தார் ராக்ஸ் வந்ததும் முதல் கட்சிக்கு ஆதாரம் கூடியது, இரண்டாம் கட்சிக்கு ஆட்கள் கூடினார்கள். இரு தரப்பும் 'பாரம்பரியம்' என்ற ஒரே சொல்லைத்தான் எடுத்து வீசுகின்றன. அந்தச் சொல்லுக்குள் ஒரு முகம், ஒரு இயந்திர அமைப்பு, ஒரு பிழைப்பு என்று மூன்று தனித்தனிச் சொத்துகள் இருக்கின்றன. எதைப் பற்றிப் பேசுகிறோம் என்று சொல்லாமல் பேசுவதால்தான் வாதம் முடிவதே இல்லை.

முதலில் முகம். வட்ட விளக்கு, செங்குத்துப் பிளவுகள் கொண்ட முன்தட்டு, தட்டையான மட்கார்டு: இவை இருந்தால் ஜீப். சரி, இந்த முகம் யாருடையது? 1940இல் அமெரிக்க ராணுவம் எடை குறைந்த உளவு வண்டி கேட்டபோது, 49 நாட்கள் என்ற கெடுவுக்குள் முதல் மாதிரியைச் செய்து கொடுத்தது பாண்டம் என்ற சின்ன நிறுவனம். வரைந்தவர் கார்ல் ப்ராப்ஸ்ட். பெரிய ஒப்பந்தங்களோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போயின. நாம் 'ஜீப் முகம்' என்று கொண்டாடும் தகட்டில் அடித்த முன்தட்டு ஃபோர்டு கொண்டுவந்தது. அதில் ஒன்பது பிளவுகள் இருந்தன. போர் முடிந்து 1945இல் சி.ஜே.2ஏ என்று பொதுமக்களுக்கான ஜீப் வந்தபோது விளக்குகள் பெரிதாகி, பிளவுகள் ஏழாயின. ஆக, பிறந்தபோதே தகப்பன் யார் என்ற வழக்கோடு பிறந்த பிள்ளை இது.

நம் நாட்டுக்கு அது வந்த வழி இன்னும் சுவையானது. 1945இல் மஹிந்திரா அண்ட் முகமது என்ற பெயரில் எஃகு வியாபாரமாகத் தொடங்கியது மஹிந்திரா நிறுவனம். கூட்டாளி குலாம் முகமது பாகிஸ்தான் சென்று அந்நாட்டின் முதல் நிதியமைச்சரானார். நிறுவனம் 1948இல் மஹிந்திரா அண்ட் மஹிந்திரா ஆனது. வில்லிஸ் ஜீப்புகளைப் பிரித்த பாகங்களாக வரவழைத்து பம்பாய் மஸகானில் பூட்டத் தொடங்கினார்கள். பிறகு இங்கே பல பத்தாண்டுகள் ஓடியது சி.ஜே.3பி என்ற மாடல். அதை மற்ற ஜீப்புகளிலிருந்து பிரித்துக் காட்டுவது உயர்ந்த பானட். உள்ளே வைத்த ஹரிகேன் எஞ்சின் முந்தையதைவிட உயரம், மூடி உட்காரவில்லை, ஆகவே மூடியைத் தூக்கினார்கள், அவ்வளவுதான். பழைய ஜீப்பின் மிடுக்கு என்று இன்று ரசிகர்கள் உருகும் அந்தத் தூக்கிய நெற்றி, எஞ்சின் இடிக்கிறதே என்று செய்த ஒட்டுவேலை. அமெரிக்காவில் அந்த மாடல் 1968இல் நின்றுபோனது. இங்கே தொடர்ந்தது. அதற்குள் டிராக்டருக்கான டீசல் எஞ்சின் புகுந்தது. பின்னால் பிரான்ஸின் பெஜோ டீசல் எஞ்சின் வந்தது. எம்.எம்.540, எம்.எம்.550 என்று பெயர்கள் மாறின. ஊர்த் திருவிழாத் தேர் மாதிரிதான். சக்கரம் ஒரு காலத்தது, அச்சு ஒரு காலத்தது, வடம் போன வருடத்தது. ஆனாலும் தேர் பழையது என்று சொல்கிறோம், அதில் பொய்யும் இல்லை.

இந்த முகத்தின் உரிமை நீதிமன்ற வாசலுக்கும் போயிற்று. மஹிந்திரா அமெரிக்காவில் ராக்ஸர் என்ற வண்டியை விற்றது. சாலையில் ஓட்டுவதற்கல்ல, தோட்டம் துரவில் ஓட்டுவதற்கு. ஜீப் பெயருக்கு அப்போது உரிமை வைத்திருந்த ஃபியட் கிரைஸ்லர் 2018இல் வழக்குத் தொடுத்தது. ராக்ஸரின் தோற்றம் ஜீப்பின் தோற்ற உரிமையை மீறுகிறது என்று அந்நாட்டுப் பன்னாட்டு வணிக ஆணையம் 2020இல் தீர்ப்பளித்தது. பிறகு மூக்கை மாற்றி வரைந்துதான் தொடர முடிந்தது. எழுபது ஆண்டு வைத்திருந்த முகத்தை, அது பிறந்த ஊரில் உன்னுடையது அல்ல என்று சொல்லிவிட்டார்கள். புதிய தார் பழைய முகத்துக்கு நியாயம் செய்கிறதா என்று கேட்பவர்கள், எந்த ஆண்டின் முகம் என்றும் சேர்த்துக் கேட்டால் நல்லது. 1942இன் ஒன்பது பிளவா, 1945இன் ஏழா, தூக்கிய நெற்றியா?

அடுத்தது இயந்திரம். வாதத்தில் உருப்படியான பகுதி இதுதான். கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

பழைய ஜீப்பின் அடியில் ஏணி போல ஒரு சேசிஸ். இரண்டு நீளச் சட்டம், இடையில் குறுக்குச் சட்டங்கள். அதன் கீழே முன்னும் பின்னும் ஒரு சக்கரத்திலிருந்து மறு சக்கரம் வரை ஓடும் முழு அச்சு. அச்சைத் தாங்குவது பட்டை பட்டையாக அடுக்கிக் கட்டிய ஸ்பிரிங். கல்லின்மேல் இடது சக்கரம் ஏறினால் முழு அச்சில் வலது சக்கரம் கீழே அழுத்தப்படும், தரையை விடாது. இதனால்தான் பாறைப் பாதைக்காரர்கள் அதை விட மறுக்கிறார்கள். அதே அச்சு நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் ஒரு பள்ளத்தைச் சந்தித்தால், ஒரு பக்க அடி மறுபக்கத்துக்கும் போய் ஸ்டீயரிங் ஆடும். பட்டை ஸ்பிரிங்குக்கு பாரம் ஏற ஏறத்தான் பதவிசு. காலியாக ஓட்டினால் முதுகெலும்பை எண்ணிவிடும். பன்னிரண்டு பேரோடு ஏறும்போது சுகமாக இருந்த ஜீப், திரும்பி வெறுமனே இறங்கும்போது டிரைவரைத் தூக்கித் தூக்கிப் போடுவதை மலையில் பயணம் செய்த யாரும் பார்த்திருப்பார்கள்.

2010இல் தார் என்ற பெயரில் வந்த முதல் வண்டியிலேயே, 105 குதிரைத்திறன் கொண்ட சி.ஆர்.டி.இ. வகையில், முன்பக்க முழு அச்சு போய்விட்டது. சக்கரத்துக்குச் சக்கரம் தனியாக அசையும் அமைப்பு வந்தது. பின்னால் மட்டும் பட்டை ஸ்பிரிங் மிஞ்சியது. இன்று 'உண்மையான தார்' என்று போற்றப்படுவது அந்த வண்டிதான். 2020 தாரில் பின்பட்டையும் போய்ச் சுருள் ஸ்பிரிங் வந்தது. ஆனால் பின்னால் முழு அச்சு இருக்கிறது. ஏணிச் சேசிஸ் இருக்கிறது. கைநெம்பால் போடும் ஃபோர் வீலும், வண்டி நத்தை போல ஊர்ந்து மேடேற உதவும் லோ கியரும் இருக்கின்றன. தரையிலிருந்து 226 மில்லிமீட்டர் உயரம். 650 மில்லிமீட்டர் ஆழத் தண்ணீரில் இறங்கலாம் என்கிறது நிறுவனம். உள்ளே கழுவிவிட்டால் தண்ணீர் வெளியேற அடைப்பான்கள்கூட வைத்திருக்கிறார்கள். டீசல் எஞ்சின் 130 குதிரைத்திறன், பெஜோ காலத்து ஜீப்பைப் போல இரண்டு மடங்கு. மேடேறும் வேலையை வைத்து அளந்தால் 'வேஷம்' என்ற சொல் நிற்காது. இயந்திரத்தைப் பொறுத்தவரை நான் இரண்டாம் கட்சி.

மாற்றத்துக்கு விருப்பம் மட்டும் காரணமல்ல, சட்டமும் காரணம். 2019 முதல் மோதல் சோதனை விதிகள், ஏபிஎஸ் கட்டாயம். 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 புகை விதி. பழைய தாரின் வாழ்நாளில் பெரும்பகுதி காற்றுப்பையும் ஏபிஎஸ்ஸும் இல்லாமலே கழிந்தது. 2020 தார் அதே ஆண்டு குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. ராக்ஸ் 2024இல் பாரத் என்கேப்பில் ஐந்து வாங்கியது. இதில் மனம் வருந்த என்ன இருக்கிறது? தகடு மட்டும் தடுப்பாக இருந்த காலத்தை நினைத்து ஏங்குபவர்கள், அதில் மோதிப் பார்த்தவர்கள் அல்லர்.

சரி, அந்த இருசக்கர இழுவைத் தார்? அங்கே வேலை செய்தது வரிக் கணக்கு. நான்கு மீட்டருக்குள் நீளம், டீசல் எஞ்சின் 1500 சி.சி.க்குள் என்றால் வரி குறைவு. தாரின் நீளம் 3985 மில்லிமீட்டர்; ஏற்கனவே வரம்புக்குள்தான். எஞ்சினை மட்டும் 1497 சி.சி.க்கு இறக்கி, முன்சக்கர இழுவையைக் கழற்றியதும் ஆரம்ப விலையை 9.99 லட்சத்தில் நிறுத்த முடிந்தது. அதை ஜீப் என்று சொல்ல எனக்கும் வாய் வரவில்லை. ஆனால் வாங்கியவர்களைக் குறை சொல்லவும் தோன்றவில்லை. அவர்கள் வாங்கியது முகத்தை. முகத்துக்கான விலையைத்தான் கொடுத்தார்கள்.

மூன்றாவது சொத்துக்கு வருவோம். ரசிகர் கூட்டங்களில் அதிகம் பேசப்படாதது அது: பிழைப்பு.

தேனி மாவட்டத்தில் போடி, கம்பம், தேவாரம் பக்கம் விடியுமுன் எழுந்து நின்றால் தெரியும். தூக்குவாளியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புகளில் நெருக்கி ஏறி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குப் போவார்கள், பொழுது சாய இறங்குவார்கள். எத்தனை பேர் ஏற்றினார்கள் என்பது விபத்து நடந்த மறுநாள் செய்தித்தாளில்தான் நமக்குத் தெரியவரும். இந்த மலைப்பாதைகளில் 'ஜீப்' என்றால் கமாண்டர், மேஜர் என்று பின்னால் எதிரெதிர் பெஞ்சு போட்ட மஹிந்திராக்கள். உரமூட்டை, ஏலக்காய்ச் சாக்கு, பிரசவ வலி கண்ட பெண், தேர்தல் வாக்குப்பெட்டி எல்லாம் அதில்தான் ஏறின. ஜீப்பை ஜீப் ஆக்கியது இந்த வேலை. பட்டை முறிந்தால் ஊர்ப் பட்டறையில் தட்டிப் போட்டுக்கொண்டார்கள். தகடு தட்டையாக இருந்ததால் ஒட்டுப்போட்டு வெல்டிங் வைத்தார்கள். கம்ப்யூட்டர் மாட்டிப் பழுது பார்க்கும் தேவை இல்லாததால், கழற்றிப் பூட்டத் தெரிந்த எவரும் அதற்கு வைத்தியரானார்.

2020 தாரின் அடிப்படை வகையில் அந்த எதிரெதிர் பெஞ்சு கொஞ்ச காலம் இருந்தது. விரைவில் எடுத்துவிட்டார்கள். பக்கவாட்டில் உட்கார்ந்தவருக்கு முன்மோதலில் பெல்ட் போதிய காப்பு தராது என்பதால் அந்த முடிவில் எனக்குக் குறையில்லை. ஆனால் பெஞ்சு போன அன்று, ஜீப்பின் பழைய வேலை தாரின் கையிலிருந்து சட்டப்படி நழுவியது என்று சொல்லலாம். அந்த வேலை எங்கே போயிற்று? 2000இல் வந்த பொலிரோவுக்கு. ஜீப்பின் சேசிஸில் வளர்ந்த அர்மடா, அர்மடாவிலிருந்து பொலிரோ என்று நேர் வாரிசு அது. தாசில்தாரும் காவல்நிலையமும் பஞ்சாயத்துத் தலைவரும் அதில் ஏறினார்கள். மூட்டைக்குப் பொலிரோ பிக்கப் வந்தது. இதைப் பாகப்பிரிவினை என்றுதான் சொல்ல வேண்டும். முகமும் காடு ஏறும் வித்தையும் தாருக்கு எழுதப்பட்டன; உழைப்பு பொலிரோவுக்கு. பொலிரோவைப் பார்த்து யாரும் பாரம்பரியம் பற்றிச் சண்டை போடுவதில்லை. வீட்டு வேலையெல்லாம் செய்யும் பிள்ளையைப் பற்றி ஊரில் யார் பேசுகிறார்கள்?

'ஆன்மா போய்விட்டது' என்று முதல் கட்சி வருந்துவதை நான் இப்படித்தான் புரிந்துகொள்கிறேன். அவர்கள் விளக்கையும் மட்கார்டையும் காட்டிப் பேசினாலும், போனது பட்டறை. உரிமையாளரே ஸ்பேனர் பிடித்த வண்டி போய், எச்சரிக்கை விளக்கு எரிந்தால் சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டிய வண்டி வந்துவிட்டது. அது உண்மையான இழப்பு. ஆனால் அது தாருக்கு மட்டும் நேர்ந்ததல்ல, நம் வாசலில் நிற்கும் ஸ்கூட்டருக்கும் நேர்ந்ததுதான்.

புதிய தாரை உருவாக்கிய மஹிந்திராவின் ஆராய்ச்சி வளாகம் செங்கல்பட்டுப் பக்கம் இருக்கிறது. அங்கிருந்து தென்மேற்கே ஒரு நாள் பயணத்தில், தேனி மாவட்டத்தின் மலைமுகட்டில் கொழுக்குமலைத் தேயிலைத் தோட்டம். நம் பக்கத்து மலைதான், ஆனால் வண்டிப்பாதை கேரளத்துச் சூரியநெல்லி வழியாக. பாறையும் குழியுமான அந்தப் பாதையில் சூரிய உதயம் பார்க்கப் போகிறவர்கள் சொந்த வண்டிகளைக் கீழே நிறுத்துகிறார்கள்; அவற்றில் பளபளக்கும் தார்களும் உண்டு. விடியுமுன் இருட்டில் உள்ளூர் ஓட்டுநரின் பழைய ஜீப்பில் ஏறி, கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார்கள். இறங்கி வந்ததும் அந்த ஜீப்பின் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். ஓட்டுநர் அதற்குள் அடுத்த சவாரிக்கு ஆள் சேர்த்துக்கொண்டிருப்பார்.