பிள்ளையின் கண்ணும் கொன்டாக்ட் லென்ஸும்



கரும்பலகை எழுத்து மங்கலாகத் தெரிகிறதென்று பிள்ளை சொன்னால் அது குறும்பார்வையாக இருக்கலாம். வளரும் வயதில் அது கூடிக்கொண்டே போகும். இந்த வேகத்தைக் குறைக்க முடியுமா என்று அமெரிக்காவில் 7 முதல் 11 வயதுவரையான 294 பிள்ளைகளுக்கு மூன்று வகை மென்மையான கொன்டாக்ட் லென்ஸ்களை அணிவித்து, 3 வருடங்கள் ஆராய்ந்தார்கள். 2020இல் முடிவு வெளியானது. சாதாரண லென்ஸ் அணிந்தவர்களுக்குக் குறைபாடு சராசரியாக 1.05 டயொப்டர் கூடியிருந்தது. ஓரப்பகுதியில் +2.50 வலு சேர்த்த லென்ஸ் அணிந்தவர்களுக்கு 0.60 மட்டுமே கூடியது. வேகம் குறைந்ததே தவிர, குறைபாடு குணமாகவில்லை.

லென்ஸில் கிணற்றுநீரோ குழாய்நீரோ படக்கூடாது. சவர்க்காரமிட்டுக் கழுவி, ஈரம் துடைத்த கையால்தான் தொடவேண்டும். தவறினால் கண்ணில் கிருமி தொற்றும். அந்த வசதியில்லாத வீட்டில், தெளிவாகப் பார்க்க மூக்குக்கண்ணாடியே போதும். "கண்ணாடி போட்டால் பெண்பிள்ளைக்கு அழகில்லை" என்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். முதலில் கண் பரிசோதனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.