போர்ப்படகும் பொய்க்கொடியும்

நம் சங்க மேடைகளில் கடலைப் பற்றிய பேச்சுக்குக் குறைவே இல்லை. இராசேந்திரன் கடாரம் கொண்ட கலங்கள் ஆண்டுதோறும் முத்தமிழ் விழாவில் ஒருமுறையேனும் பாய் விரித்து ஓடுகின்றன. வ. உ. சிதம்பரனார் 1906 இல் தொடங்கிய சுதேசிக் கப்பல் கம்பெனியும் கரவொலிக்கிடையே தூத்துக்குடியை விட்டுப் புறப்படுகிறது. நானும் கைதட்டியவன்தான். ஆயினும், "அந்தக் கலத்தின் நீளம் எத்தனை அடி? ஏராக்கட்டை எந்த மரம்?" என்று எவரேனும் எழுந்து கேட்டுவிட்டால், மேடையில் இருப்போர் தண்ணீர்க் குவளையைத் தேடுவர். ஒரே ஒரு படகை, அதுவும் நம் காலத்துக்கு மிக அண்மையில் ஓடிய படகை, அளந்து பார்க்கப் புகுந்த எனக்கு நேர்ந்ததை இங்கே எழுதுகிறேன். நண்பர்கள் தீர்ப்புக் கூறட்டும்.

எங்கள் ஊர் பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் இடையே, நெடுஞ்சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. வீட்டில் தமிழ், பள்ளியில் மலையாளம், சந்தையில் இரண்டும். களியக்காவிளையைக் கடந்தால் தமிழ்நாடு. ஊர் வாசகசாலை மேசையில் இரு மொழி நாளிதழ்களும் ஒன்றன்மேல் ஒன்றாய்க் கிடக்கும். அந்த வாசகசாலைக்கு ஒருவர் கண்ணாடிப் பேழை ஒன்றை நன்கொடையாகக் கொடுத்தார். அதில் எதை வைப்பது என்று குழுவினர் கூடிப் பேசியபோது, என் பாட்டாவின் தம்பியைப் பற்றிய பேச்சு எழுந்தது. இரண்டாம் உலகப் போரின்போது ராயல் இந்தியக் கடற்படையில் சேர்ந்து, பர்மாவின் அரக்கான் கரையில் ரோந்துப் படகொன்றின் எஞ்சின் அறையில் வேலை செய்தவர் அவர். "அந்தப் படகு மாதிரியே சிறுசா ஒண்ணு செஞ்சு வையேன் மக்கா. நீ கைவேலை தெரிஞ்ச பிள்ளையில்லியா?" என்றார் குழுத் தலைவர். ஒப்புக்கொண்டேன். ஓராண்டும் நான்கு மாதமும் ஓடிவிட்டன. படகு முடிந்துவிட்டது, பேழைக்குள் இன்னும் போகவில்லை. கட்டைவிரல் நகத்தளவுள்ள ஒரு கொடிதான் அதற்குக் காரணம்.

கொடிக்கு வருமுன் படகைச் சொல்லவேண்டும். சின்னப் பாட்டா பணியாற்றியது 'ஃபேர்மைல் பி' என்னும் இனத்துப் படகு. நீளம் 112 அடி. அகலம் 18 அடிக்குச் சற்று மேல். ஆட்கள் ஏறக்குறைய 16 பேர். அமெரிக்காவில் செய்த ஹால்-ஸ்காட் பெட்ரோல் எஞ்சின்கள் இரண்டு அதை மணிக்கு 20 கடல்மைல் வரை ஓட்டும். எஃகுக் கப்பல்களையே படத்தில் கண்டு பழகியவர்கள் வியப்படைவர். இதன் உடல் முழுவதும் மரம்! மெல்லிய மகாகனிப் பலகைகளை ஒருபுறம் சாய்த்து ஓர் அடுக்கும், எதிர்ப்புறம் சாய்த்து மற்றோர் அடுக்குமாக அறைந்து, நடுவே எண்ணெய் தோய்ந்த துணியை வைத்திருப்பார்கள். இங்கிலாந்தில் நோயல் மக்லின் என்பவர் தொடங்கிய நிறுவனம், மேசை நாற்காலி செய்யும் பட்டறைகளில்கூட இதன் உறுப்புகளை வெட்டச் செய்து, கட்டுக்கட்டாகப் பல நாட்டுத் துறைகளுக்கு அனுப்பியது. அங்கங்கே இருந்த தச்சர்கள் அவற்றைப் பூட்டிப் படகாக்கினர். பம்பாயிலும் கல்கத்தாவிலும் அவ்வாறு படகுகள் உருவாயின. உலகெங்கும் கட்டப்பட்டவை 600க்கு மேல். உண்மைப் படகே பெட்டியில் வந்த விளையாட்டுப் படகைப்போலப் பிறந்தது என்று அறிந்தபோது என் அச்சம் பாதி விலகிற்று.

1945 சனவரியில் அரக்கான் கரையில் நேசப்படைகள் அடுத்தடுத்து இறங்கின. 3 ஆம் நாள் அக்யாப், 12 ஆம் நாள் மியெபோன், 21 ஆம் நாள் ராம்ரி. சேறும் கண்டற்காடும் சூழ்ந்த 'சௌங்' என்னும் ஓடைகளுக்குள் பெருங்கப்பல் நுழைய இயலாது. முன்னே சென்று வழிகாத்தவை இத்தகைய சிறு படகுகளே. இந்தியர், பர்மியர், தென்னாப்பிரிக்கர் ஆகியோரின் படகுகள் அங்கே அருகருகே நின்றன. நம் வரலாற்றுப் பாடநூல்களில் இதற்கு ஒரு வரி இருந்தால் அதிகம்.

விடுதி நண்பர் ஒருவர் எனக்கு எளிய வழி கூறினார். கடையில் அமெரிக்க 'பி.டி.' படகின் பிளாஸ்டிக் பெட்டி கிடைக்கும். அதை ஒட்டி முடித்துக் கொடுத்துவிடு, யாருக்குத் தெரியப்போகிறது என்றார். அந்தப் படகுக்கு உலகப் புகழ் உண்டு. பிற்காலத்தில் அமெரிக்கத் தலைவரான கென்னடியின் பி.டி. 109, 1943 ஆகஸ்டில் சாலமன் தீவுகளருகே சப்பானியப் போர்க்கப்பல் மோதிப் பிளந்தது. கென்னடிக்குப் பெட்டி உண்டு. எங்கள் சின்னப் பாட்டாவுக்கு இல்லை. அவர் படகென்று சொல்லிக் கென்னடி படகை வைப்பதற்கு, ஒன்றுமே வைக்காதிருக்கலாம்.

ஆகவே வரைபடத்தைத் தேடினேன். ஜான் லாம்பர்ட் என்ற ஆங்கிலேயர் இத்தகைய சிறு போர்ப்படகுகளை அங்குலம் அங்குலமாக வரைந்து வைத்திருக்கிறார். அல் ராஸ் என்பவருடன் சேர்ந்து அவர் ஆக்கிய நூல் 1990 இல் வெளிவந்தது. அதைக் கொண்டு, ஓர் அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48 இல் ஒரு பங்கு என்று அளவு வகுத்தேன். 112 அடிப் படகு 28 அங்குலமாயிற்று. எங்கள் ஊர் மூத்த ஆசாரியிடம் சொன்னேன். அவர் கோலை எடுத்து வைத்துப் பார்த்தார். கேரளத்துத் தச்சுக்கோல் 24 விரல். ஏறத்தாழ 72 சென்டிமீட்டர். "ஒரு கோலுக்குக் கால் விரலும் கொஞ்சமும் குறவு. நம்ம கணக்குக்குள்ளதான் இருக்கு, செய்யலாம்" என்றார். இங்கிலாந்துப் படகு எங்கள் ஆசாரியின் கோலுக்குள் அடங்கியதில் எனக்கு அளவிலா மகிழ்ச்சி. ஆனால் அவர் வீடு கட்டும் ஆசாரி. பலகையை வளைக்கும் இடத்தில் இருவரும் திகைத்தோம். பொழியூர்க் கடற்கரைக்குச் சென்று வள்ளக்காரர்களைக் கேட்டுத் தெளிந்தோம். ஏரா, வங்கு, அணியம் என்று அவர்கள் வாயில் சொற்கள் தாமாக வந்து விழுந்தன. அகராதியில் மட்டும் பார்த்திருந்த சொற்களை ஆட்கள் பேசிக் கேட்டது அன்றுதான்.

இனி ஒரு தோல்வி. வரைபடத்தில் இருந்தபடி முன்தளத்தில் மூன்று பவுண்டுப் பீரங்கியை மூன்று வாரம் உழைத்துச் செய்தேன். பிறகுதான் வீட்டுப் பெட்டியிலிருந்து ஒரு நிழற்படம் கிடைத்தது. துறைமேடையில் நால்வர் நிற்கின்றனர். இடக்கோடியில் சின்னப் பாட்டா. பின்னால் படகின் அணியம். அதன்மேல் நீண்ட குழல். குழலின் நுனி புனல்போல் விரிந்திருக்கிறது. அது 40 மில்லிமீட்டர் போஃபர்ஸ் பீரங்கி! இந்தப் படகின் மேல்தளத்தில் துளையிட்ட எஃகுப் பட்டைகள் பதித்திருக்கும். வேலைக்குத் தக்கபடி ஆயுதங்களை இரண்டு நாளில் மாற்றிப் பூட்டிவிடலாம். ஒரே படகு ஓராண்டு ஒரு கோலத்திலும் மறு ஆண்டு வேறு கோலத்திலும் இருக்கும். எனவே 'ஃபேர்மைல் படகு' என்று பொதுவாக ஒன்றைச் செய்யவே முடியாது. எந்தப் படகு, எந்த நாள் என்று கேட்டாக வேண்டும். மூன்று வார உழைப்பை அடுப்பில் போட்டேன். புதுப் பீரங்கிக்கு அளவு எடுக்கச் சின்னப் பாட்டாவே உதவினார். அவருடைய பணிச் சான்றிதழில் உயரம் ஐந்தடி ஆறங்குலம் என்று எழுதியிருந்தது. படத்தில் அவரை அளந்து, அவரைக் கொண்டு படகை அளந்தேன். தொலைவில் இருப்பது சிறிதாகத் தெரியும் என்பதற்கும் கணக்கில் இடம் விட்டேன்.

அதே படத்தில் அணியத்தின் எண்ணை ஒருவர் தோள் மறைத்துவிட்டது. குழுவினர் ஏதேனும் எண் எழுதச் சொன்னார்கள். எழுதவில்லை. அந்த இடம் வெறுமையாகவே இருக்கிறது.

துல்லியம் என்றால் எல்லாவற்றையும் சேர்ப்பது என்று எண்ணுவோரும் உண்டு. இரு பலகை அடுக்குகளுக்கு நடுவே வைக்கப் பாலராமபுரம் கைத்தறித் துணியை என் தங்கை ஆவலோடு வெட்டித் தந்தாள். கால் மில்லிமீட்டர் தடிப்புத்தான். 48 ஆல் பெருக்கினால் 12 மில்லிமீட்டர்! உண்மைப் படகின் வயிற்றுக்குள் அரை அங்குலக் கம்பளத்தைச் செருகியதாக முடியும். துணியை விட்டுவிட்டேன். தங்கைக்கு வருத்தம் இன்னும் தீரவில்லை.

இப்போது கொடி. 1945 சனவரியில் அந்தப் படகின் பின்புறம் பறந்தது வெள்ளைக் கொடி; நடுவே செஞ்சிலுவை; மேல் மூலையில் பிரிட்டனின் யூனியன் ஜாக். இந்தியக் கடற்படைக் கலங்கள் 1928 முதல் அதைத்தான் ஏந்தின. நானும் அதையே வரைந்தேன். குழுத் தலைவர் பார்த்தார், முகம் கறுத்தது. "முப்பத்தெட்டுல இந்த நெய்யாற்றின்கரையில சுட்டுக் கொன்னாங்க மக்கா. அந்த மண்ணுல வெள்ளக்காரன் கொடியக் கொண்டு வைக்கவா? மூவர்ணத்த வை" என்றார்.

அவர் பேச்சை நான் எளிதாகத் தள்ளவில்லை. 1938 இல் பொறுப்பாட்சி கேட்டுத் திரண்ட மக்கள்மீது இங்கே துப்பாக்கிச் சூடு நடந்தது உண்மை. மாண்டவர்களை ஊர் மறக்கவில்லை. சுட்டது திருவிதாங்கூர் அரசின் படை என்று வழக்காடலாம். அந்த அரசுக்குப் பின்னே நின்றவர் யார் என்று அவர் திருப்பிக் கேட்பார். சரிதான். பிள்ளைகள் பார்த்துவிட்டு, நாம் அடிமைகளாயிருந்தோமா என்று கேட்பார்களாம். ஆம், இருந்தோம் என்று சொல்லத்தான் வேண்டும். வேறொருவர் நடுவழி காட்டினார்: கொடியே இல்லாமல் வைத்துவிடு. கடலில் பணியிலிருக்கும் போர்க்கலம் கொடியில்லாமல் ஓடாது. துறையில் நின்றால் கதிரவன் மறைந்தபின் கொடியை இறக்குவார்கள். அப்படியானால் பேழைக்குள் இரவை உண்டாக்க வேண்டும், விளக்கையும் அணைத்துவிடலாம்!

நான் விட்டுக்கொடாமைக்குக் காரணம் வேறு. 1946 பெப்ரவரி 18 ஆம் நாள் பம்பாயில் 'தல்வார்' என்னும் கடற்படைப் பயிற்சி நிலையத்து மாலுமிகள் வேலைநிறுத்தம் தொடங்கினர். இழிவான உணவும் அதைவிட இழிவான ஏச்சும் அவர்களைப் பொங்கச் செய்தன. சில நாட்களில் 78 கலங்களுக்கும் கரையிலுள்ள நிலையங்களுக்கும் அது பரவியது. ஏறத்தாழ 20,000 பேர் கலந்துகொண்டனர். வெள்ளைக் கொடிகளை இறக்கிவிட்டுக் காங்கிரசு, லீக், கம்யூனிஸ்டுக் கொடிகளைச் சேர்த்து ஏற்றினர். 23 ஆம் நாள் எல்லாம் அடங்கிற்று. சின்னப் பாட்டா அப்போது பம்பாயில் இருந்தார். போரைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. என் தந்தையாரிடம் ஒரே ஒரு முறை சொன்னாராம்: "அந்தக் கொடிய நாங்கதான் எறக்குனோம், பிள்ளே."

1945 இலேயே மூவர்ணத்தைப் பறக்கவிட்டால், 1946 இல் அவர் இறக்கியது எதை? ஊருக்கு மதிப்புத் தேடப்போய், அவர் வாழ்நாளில் செய்த துணிவான செயலை நாமே அழித்துவிட மாட்டோமா? கடற்படையின் கொடியே பின்னர் எத்தனை முறை மாறிவிட்டது! 1950 சனவரி 26 இல் யூனியன் ஜாக் போய் மூவர்ணம் மூலைக்கு வந்தது. சிலுவை 2001 இல் போய் 2004 இல் திரும்பி, 2022 செப்டம்பர் 2 இல் கொச்சியில் மறுபடியும் நீங்கியது. ஒவ்வொன்றும் அதனதன் நாளில் உண்மை.

பெயர்ப்பலகையிலும் இதே பூசல். 'கேரள வீரர்' என்றனர் சிலர். 'தமிழ் வீரர்' என்றனர் சிலர். அவர் புறப்பட்டபோது கேரளம் என்று ஒரு மாநிலம் இல்லை. 1949 இல் திருவிதாங்கூர்-கொச்சி. 1956 நவம்பர் 1 இல் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு வட்டங்கள் சென்னை மாநிலத்துக்குப் போக, நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. சின்னப் பாட்டா இருந்த திண்ணையை விட்டு நகரவில்லை. மாநிலங்கள்தாம் அவரைக் கடந்து போயின. 'நெய்யாற்றின்கரை வட்டம், திருவிதாங்கூர், 1945' என்று இரு மொழியிலும் எழுதி வைத்திருக்கிறேன். தமிழ் மேலேயா மலையாளம் மேலேயா என்பதைக் குழுவே முடிவு செய்யட்டும். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை.

அடுத்த மாதம் குழு கூடுகிறது. அதற்கிடையே படகு எங்கள் வீட்டு மேசைமேல் இருக்கிறது. தொண்ணூறு கடந்த சின்னப் பாட்டியைக் கைபிடித்து அழைத்து வந்து காட்டினேன். கொடியை அவர் கவனிக்கவே இல்லை. அணியத்திலிருந்து பின்புறம் வரை விரலால் தடவிவிட்டு, "இதுல அவரு எங்க நின்னாரு?" என்று கேட்டார். எஞ்சின் அறை தளத்துக்குக் கீழே, வெளியே தெரியாது. புகைபோக்கியருகே உள்ள சிறு மூடியைக் காட்டினேன்.

"பெட்ரோலு மணத்துல மூச்சு முட்டும்னு சொல்லுவாரு. அந்த மூடியத் திறந்து வையி, பிள்ளே" என்றார்.

கத்தி முனையால் மெல்லப் பெயர்த்துத் திறந்து வைத்து ஒட்டிவிட்டேன்.